கோட்டைக்கு மட்டம் பார்த்தவர்

பூமி உருண்டையாக இருப்பதற்கு ஒரே காரணம், அதைக் கட்டும்போது என் அப்பா பக்கத்தில் இல்லாததுதான். இருந்திருந்தால் நான்கு மூலையும் சரிபார்த்து, ஓரங்களைப் பிசிறில்லாமல் தேய்த்து, கச்சிதமான ஒரு பெட்டியாக நம் கையில் கொடுத்திருப்பார். கடலும் அலையடிக்காமல் தொட்டித் தண்ணீர் மாதிரி அடங்கிக் கிடந்திருக்கும். மலைகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வானவில்லைக் காட்டினால், "வளைவு பரவாயில்ல, ஆனா இந்தப் பக்கத்துக் கால் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பார்.

இவரைப் போன்றவர்கள் உலகத்தில் தனி இனம். மட்டம் பார்ப்பவர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இந்த இனத்தில் சேரக் கொத்தனாராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வங்கியில், பள்ளிக்கூடத்தில், பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் என் அப்பா இருபத்தைந்து வருஷம் சுவர் எழுப்பிய மேஸ்திரி. ஆகவே கலப்படமில்லாத அசல் சரக்கு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருகிற மட்டம் பார்ப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். உங்கள் தலைக்கு மேலே, கதவு நிலையைப் பார்ப்பார். புது வீடு என்றால் இன்னும் மோசம். எல்லோரும் சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து மூடி வியந்துகொண்டிருக்கும்போது, இவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து, யாரும் பார்க்காதபோது கூடத்தின் நடுவில் வைத்து, அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று கைகட்டிக்கொண்டு பார்ப்பார். அது உருளும். உருளாத கூடத்தை அவர் இன்னும் சந்திக்கவில்லை. "வீடு எப்படிண்ணே இருக்கு?" என்று வீட்டுக்காரர் ஆசையோடு கேட்டால், "காத்து நல்லா வருது" என்பார். அதைவிடக் கேவலமாக ஒரு வீட்டைத் திட்ட முடியுமா?

சாவு வீட்டில்கூட விடமாட்டார். போன வருஷம் தூரத்து உறவில் ஒருவர் இறந்தபோது அப்பா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவர் தோளைத் தொட்டாள். "அந்த நிலையைப் பாரு, ஒரு விரல் முன்னாடி வந்திருக்கு. மனுஷன் இத்தனை வருஷம் இதுக்குள்ளயே புழங்கியிருக்கார்" என்று விம்மினார்.

அம்மா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தபோது அங்கேதான் கூட்டிப்போனாள். வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவர் திடீரென்று கையைத் தூக்கி மேலே காட்டி, "ஆ... ஆ..." என்றார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். மறுபடியும் கை மேலே போனது. மறுபடியும் ஊசி. சாயங்காலம் வாய் திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: கூரை விளக்கு கோணலாக மாட்டியிருந்ததாம்.

சரி, சிரித்தது போதும். இப்படி ஊரையெல்லாம் அளந்தவருக்கு மூன்று மாதத்துக்கு முன் ஒரு அடி விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் எழுப்பிய எட்டடிச் சுவருக்கு இன்ஜினீயர் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். உச்சியில் ஒரு விரல் கனம் வெளியே சாய்ந்திருந்தது. பிள்ளைகள் நடமாடுகிற இடம், இடித்துவிடுங்கள் என்றார். அப்பா பக்கத்தில் நின்று, தான் கட்டிய சுவர் விழுவதைக் கடைசிச் செங்கல் வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சாந்து பூசுகிற கரணையைக் கழுவி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "கண்ணு போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. கான்ட்ராக்டர் வாரம் தவறாமல் போன் செய்தார். அது அடித்து அடித்து ஓயும் வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக அம்மாவின் போனுக்கு வந்தது சேதி: "நூலகம் ஒண்ணு கட்டறோம்மா. அவரை மனசுல வச்சுதான் எடுத்தேன். திங்கக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன், அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

வேலையை விட்டவர் அளப்பதை விட்டாரா? இரண்டு மடங்காக்கிவிட்டார். நாற்காலிக் கால், மேஜைக் கால், என் புத்தக அலமாரி, அம்மா நறுக்கிய காய். கையில் எந்நேரமும் ரசமட்டக் கட்டை. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, வெளிர்பழுப்பு மரம், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், நெட்டுக்குத்தாக வைத்துப் பார்க்க முனையில் குறுக்கே இன்னொன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுக்கோட்டில் நின்றால் பொருள் நேராக இருக்கிறது, நகர்ந்தால் கோணல். முதல் சம்பளத்தில் வாங்கியது. தூக்குக்குண்டைக்கூட அவர் அவ்வளவு நம்பமாட்டார். "குண்டு காத்துல ஆடும். கட்டை ஆடாது" என்பார்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு திட்டம் போட்டாள். "மூணு நாள் சுவரே இல்லாத இடத்துக்குப் போவோம்" என்றாள். சுவரே இல்லாத இடம் எது? கூடாரம்! துணிக்கு ஏது மட்டம்? புல்வெளி, மரங்கள், பக்கத்தில் ஓர் ஆறு, சுத்தமான காற்று. கிளம்புவதற்கு முன் அப்பாவின் பையைச் சோதனை போட்டு நூல்கண்டு, அளவு நாடா, கோலிக்குண்டு எல்லாவற்றையும் பறிமுதல் செய்தாள். முகாம் மைதானத்தில் போய் இறங்கி, பெருமூச்சு விட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே, மேட்டின் மேல், எண்ணூறு வருஷத்துக் கோட்டை. முக்கால்வாசி இடிந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"என்னங்க, அந்தப் பக்கம் திரும்பாதீங்க" என்றாள். அப்பா ஏற்கெனவே திரும்பியிருந்தார். சுருட்டிய போர்வைக்குள்ளிருந்து ரசமட்டத்தை உருவிக்கொண்டும் இருந்தார்.

"இது எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"கூடாரம் போட வேணாமா?"

கூடாரம் போட்டோம். பக்கத்து இடத்தில் ஒரு தபால்காரரும் அவர் மனைவியும் பத்தே நிமிஷத்தில் தங்கள் கூடாரத்தைப் போட்டு, நாற்காலியை விரித்து, காலை நீட்டி, எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். நாங்கள் மதியம் தொடங்கினோம். நிழல் நீண்டு பக்கத்துக்காரர் கால்வரை போனபோது எங்கள் முதல் கம்பு நட்டாகியிருந்தது. நாலாவது கம்பும் அப்பாவுக்குத் திருப்தியாக நின்ற பிறகு, அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நேராகத் தபால்காரரின் கூடாரத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் அவர்கள் கம்பை அசைத்துப் பார்த்தார்.

"சார், இது கூடாரம். நாளான்னைக்குப் பிரிச்சிடுவோம்" என்றார் தபால்காரர்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி இருக்குல்ல?"

தபால்காரரின் மனைவி நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தபால்காரரும் எழுந்தார். அவர்கள் கூடாரம் மறுபடியும் போடப்பட்டது. இந்த முறை பத்து நிமிஷத்தில் ஆகவில்லை.

அன்று தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நான் கோட்டை வாசல் வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: 'மேற்குச் சுவர். நாற்பதடி உயரம். எண்ணூறு ஆண்டுகளாக ஒரு விரல்கூடச் சாயாதது.'

குடம் கையிலிருந்து நழுவாததுதான் குறை. மூன்று மாதமாக ஒரு விரல் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாருமே உச்சரிப்பதில்லை. நாளைக்கு அப்பா இந்தச் சுவருக்குக் கட்டையை வைப்பார், குமிழி நடுவில் நிற்கும், 'எவனோ ஒருத்தன் நாற்பதடிக்குச் சாயாமல் கட்டியிருக்கிறான், நான் எட்டடிக்குச் சாய்ச்சுட்டேன்' என்று முடிவு கட்டுவார். திங்கட்கிழமை வரும், போகும். கரணை சாக்குக்குள்ளேயே கிடக்கும்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். அப்பா காலையில் முகாமின் பொதுக் குளியலறைக்குப் போயிருந்தபோது, முதலுதவிப் பெட்டியிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்து, மூன்று மடிப்பாக மடித்து, ரசமட்டத்தின் ஒரு முனையில், சுவரில் படுகிற விளிம்பில், பதவிசாக ஒட்டினேன். பிளாஸ்திரியின் நிறமும் மரத்தின் நிறமும் ஒன்று. இனி இந்தக் கட்டையை எந்த நேரான சுவரில் வைத்தாலும் சுவர் கோணலென்று காட்டும். ராஜா வீட்டு மேஸ்திரியும் ஒரு விரல் தவறியிருக்கிறான் என்று தெரிந்தால் நம் மேஸ்திரிக்குத் தெம்பு வராதா?

இதைப் பாசம் கீசம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வீட்டில் ஒரு ஆள் எந்நேரமும் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், என்னைப் போன்றவன் நிம்மதியாக ஒரு விஷமம் செய்ய முடிகிறதா? தொழில் பாதிப்பு. அவ்வளவுதான்.

கோட்டையைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி அக்கா இருந்தாள். தொப்பி, விசில், தொண்டையில் கணீரென்று குரல். இருபது பேர் அவள் பின்னால் போனோம். ஒரு சாதாரண மனிதன் இடிந்த கோட்டைக்குப் போனால் என்ன செய்வான்? ராஜாவை நினைப்பான், குதிரைகளை நினைப்பான், காலம் எப்படிப் போகிறது பார் என்று ஒரு பெருமூச்சு விட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். மட்டம் பார்ப்பவர் அப்படியல்ல. இடிந்த கோட்டையைப் பார்க்கப் போய், அது இடிந்திருக்கிறதே என்று பதறுகிற ஒரே பிராணி அவர்தான்.

"இது எப்பம்மா விழுந்துச்சு?" என்று ஆரம்பித்தார்.

"முந்நூறு வருஷம் ஆச்சு சார்."

"இன்னும் யாரும் வந்து பாக்கலையா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வழிகாட்டி அடுத்த முற்றத்துக்கு நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "இந்தப் படிக்கட்டுலதான் கடைசி ராஜாவை எதிரிகள் துரத்திப் பிடிச்சு..." என்றாள்.

"ஏழாவது படி உசரம் ஜாஸ்தி" என்றார் அப்பா. "தடுக்கியிருப்பாரு."

"வடக்குக் கோபுரம் பீரங்கியால விழுந்தது."

"பீரங்கிமேல பழி போடறது சுலபம். மூலையில கல்லுக்குக் கல்லு பின்னலே இல்ல பாருங்க. பீரங்கி வரலேன்னாலும் விழுந்திருக்கும்."

"சார், நீங்க எதிரி ராஜா கட்சியா?" என்றாள் வழிகாட்டி. அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து, எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றாள்.

கடைசியில் மேற்குச் சுவர் வந்தது. பாசி படிந்து, எந்தப் பிடிப்பும் இல்லாமல், தனியாக, வானத்தைக் கீறிக்கொண்டு நின்றது. வழிகாட்டி பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தாள். ஒரு விரல் என்ற இடம் வந்ததும் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மா தூணை விட்டு வெளியே வந்தாள். அப்பா மெதுவாகப் போய்க் கையால் சுவரைத் தடவினார். பிறகு கட்டையை எடுத்து நெட்டுக்குத்தாக வைத்தார்.

நான் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். இப்போது சொல்வார், கோணல் என்று.

அப்பா சொல்லவில்லை. நெடுநேரம் குமிழியையே பார்த்தார். பிறகு கட்டையை இறக்கி, "மயிரிழை கூட இல்ல" என்றார். "நாற்பதடிக்கு. அவன் மனுஷன்." அம்மாவிடம் திரும்பினார். "கான்ட்ராக்டருக்கு நீயே சொல்லிடும்மா. வேற ஆளப் பாத்துக்கட்டும்."

மூன்று மடிப்பு! நானே ஒட்டினேன்! அது எப்படி நடுவில் நிற்கும்? வாய் என்னை மீறித் திறந்துகொண்டது.

"அது எப்படிப்பா நேரா காட்டும்? நான்தான் பிளாஸ்திரி ஒட்டியிருக்கேனே!"

உலகத்தில் எத்தனையோ விஷமக்காரர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். தன் விஷமம் பலிக்கவில்லையே என்று எதிராளியிடமே போய் முறையிட்டுப் பிடிபட்டவன் நான் ஒருவன்தான்.

அப்பா கட்டையைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் நெருடி, பிளாஸ்திரியை உரித்தார். "எதுக்குடா?" என்றார். நான் காலால் ஒரு கல்லைத் தள்ளினேன். எதற்கு என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பிளாஸ்திரி இல்லாமல் கட்டையை மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதாம்.

"ஏம்ப்பா, இப்பத்தானே நேரா இருந்துச்சு?"

அவர் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். குமிழி மறுபக்கம் ஓடியது. இப்போது அதே சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறதாம். ஒரே சுவர் ஒரே நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் சாயுமா? ராஜா கட்டினாலும் சாயாது. கட்டை சரியாக இருந்தால் எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். இது பக்கத்துக்கொரு பதில் சொல்கிறது. அப்படியென்றால் கோணல் சுவரில் இல்லை, கட்டையில். என் பிளாஸ்திரி அந்தக் கோணலை அச்சாக அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, தற்செயலாகச் சரியாக்கிவிட்டது. இரண்டு பொய் சேர்ந்து ஒரு நிஜம்.

"கட்டைதான்" என்றார் அப்பா. "கட்டை போயிருக்கு. கண்ணு இல்ல."

"திருப்பி வச்சுப் பாக்கறது மொத நாள் கத்துக்கற பாடம்னு நீங்களே சொல்வீங்களே!" என்றாள் அம்மா.

"அது மத்தவங்க கட்டைக்கு."

இதுதான் மட்டம் பார்ப்பவர்களின் முழு ஜாதகம். வானவில்லிலிருந்து பல் டாக்டரின் விளக்கு வரை ஒன்று விடாமல் அளந்தவர், அளக்கிற கட்டையை மட்டும் அளந்ததில்லை. அதைச் சந்தேகப்படுவது தன்னையே சந்தேகப்படுவது மாதிரி. அதனால் தன் கண்ணையே சந்தேகப்பட்டுவிட்டு, கட்டையை மூன்று மாதம் மார்பில் அணைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அந்த இடத்திலேயே, எண்ணூறு வருஷத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். "அந்த நூலகம் இருக்கா, குடுத்துட்டீங்களா?... வர்றேன். திங்கக்கிழமையே வர்றேன்... சுவரா? அதுக்குக் காரணம் கெடச்சிருச்சு, நேர்ல சொல்றேன். இஞ்சினீயரையும் வரச் சொல்லுங்க, அவர்கிட்டயும் சொல்லணும்." வழிகாட்டி விசிலை ஊதி, "சார், சுவர்ல சாயக் கூடாது" என்றாள். "தாங்கும்மா, நல்லாத் தாங்கும்" என்றார் அப்பா. முந்நூறு வருஷத்தில் அந்தக் கோட்டைக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ். அம்மா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கண்ணில் தூசி. கோட்டை என்றால் தூசி இருக்கத்தானே செய்யும்?

இதெல்லாம் நேற்று மத்தியானம் நடந்தது. இன்று காலை, கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மட்டம் பார்ப்பவர் இல்லை என்று இவ்வளவு நேரம் நிம்மதியாகச் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயாவது, 'இந்தப் பையன் சொல்லுகிற கணக்கு சரியா, மூன்று மடிப்புக்கு ஒரு விரல் வருமா' என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தீர்களா? இந்தப் பக்கத்தின் வரிகள் வலதுபக்கம் லேசாக இறங்குவதுபோல் தோன்றுகிறதா? வீட்டில் இருப்பவர்கள் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். மடித்து எங்கேயாவது வைத்திருப்பார்கள்.

இவ்வளவோடு முடித்து நோட்டை மூடப் போனேன். அப்பா வந்து எதிரே குந்தினார். கையில் அந்தக் கட்டை.

"இந்த மூலை நசுங்கியிருக்கு பாத்தியா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"உசரத்துலேருந்து கல்லுமேல விழுந்தாத்தான் இப்படி ஆகும். குழாய் உடையாது. உள்ள மட்டும் நகர்ந்துரும். வெளிய தெரியாது."

"அப்படியா?" உண்மையிலேயே எனக்குத் தெரியாது. குழாய் உடையவில்லையே, ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அன்றைக்கு அதை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"நசுங்குன எடத்துல பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கு. நம்ம வீட்டுல பச்சையா இருக்கறது ஒண்ணே ஒண்ணு. உன் சைக்கிள்."

அந்தக் கட்டையை வாசல் திட்டின் விளிம்பில் சாய்வாகப் போட்டு அதன்மேல் சைக்கிளை ஏற்றியது ஒரே ஒரு தடவைதான். மற்றபடி சைக்கிள் நன்றாகத்தான் ஏறியது. கட்டைதான் எகிறிப் போய்க் கல்மேல் விழுந்தது. நான் பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

"பள்ளிக்கூடத்துச் சுவர் கட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"முன்னாடி" என்றேன்.

அப்பா தலையசைத்தார். கட்டையை என் நோட்டின் மேல் வைத்தார்.

"நேத்தே பாத்துட்டேன். கான்ட்ராக்டருக்குப் போன் போடறதுக்கு முன்னாடியே. நீயா சொல்றியான்னுதான் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்" என்றார். "சரி, எழுதுனத காட்டு. என்னைப் பத்தி மட்டும்தானே எழுதியிருக்க?"